புழுக்கமும் புரவியும்



குதிரையைக் குறிக்கத் தமிழில் எத்தனை சொற்கள்! பரி, புரவி, மா, இவுளி, கலிமா என்று பழந்தமிழ் நூல்களிலே தொடங்கி, வாசி, துரகம், அசுவம் என்று வடசொல் வழி வந்தவை வரை நிகண்டுகள் அடுக்கிச் செல்கின்றன. வேந்தரின் நாற்படையுள் ஒன்று குதிரை. முல்லைத் திணைத் தலைவனின் தேரை இழுத்து வருவது குதிரை. அகநானூற்றின் 4ஆம் பாடலிலே, பூவில் வண்டுகள் வெருண்டு விடாதபடி தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வரும் தலைவனைக் காண்கிறோம். குதிரையை இவ்வளவு நெருக்கமாகப் பாடிய ஒரு மக்கள் கூட்டம், அந்தக் குதிரையை ஆண்டுதோறும் கடல் கடந்து வாங்கவேண்டியிருந்தது ஏன்? வாங்கிய குதிரைகள் அடுத்த ஆண்டைக் காணாமல் மடிந்தது ஏன்? இலக்கியமும் வரலாறும் உடலியலும் ஒன்றாகச் சந்திக்கும் இந்த வினாவைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறோம்.

விடையின் ஒரு பாதி நம்முடைய ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வெயில் வேறு, வெப்பம் வேறு, புழுக்கம் வேறு என்பதைத் தமிழர் நன்கு அறிவர். வெயில் நிழலிலே நின்றால் விட்டுவிடும். புழுக்கம் நிழலுக்குள்ளும் வந்து நம்மைப் பிடிக்கும். காற்றிலே ஈரம் மிகுந்து, வியர்வை வழிந்தும் உலராமல், உடம்பு உள்ளுக்குள்ளே வேகின்ற நிலை அது. நெல்லை அவித்து எடுப்பதற்கும் நாம் புழுக்குதல் என்றே பெயரிட்டோம். புழுங்கல் அரிசியும் புழுக்கமும் ஒரே வேரிலே பிறந்த சொற்கள். கரையோர நாட்டுக் கோடையிலே ஒரு குதிரையை ஓட்டும்போது அதன் உடலுக்குள்ளே நிகழ்வதும் ஏறத்தாழ இந்தப் புழுக்குதலேதான்.

ஓடும் குதிரையின் தசைகள் செலவிடும் ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பம் வெளியேறவேண்டும். ஆனால் 500 கிலோ நிறையுள்ள குதிரையின் உடலளவோடு ஒப்பிட்டால், வெப்பத்தை வெளிவிடும் தோற்பரப்பு மிகக் குறைவு. மனிதனுக்கு வாய்த்த வசதி அதற்கு இல்லை. ஆகவே குதிரை வியர்வையையே நம்பியிருக்கிறது. கடும் உழைப்பின்போது மணிக்கு 10 முதல் 15 லீற்றர் வரை அது வியர்க்கக்கூடும். வியர்வை ஆவியாகும்போதே உடல் குளிர்கிறது. வறண்ட காற்றிலே இது நன்கு நடைபெறும். ஈரம் நிறைந்த காற்றிலோ வியர்வை ஆவியாகாது வெறுமனே வழிந்து நிலத்திலே சொட்டும், குளிர்ச்சி கிடைக்காது, இழப்பு மட்டும் மிஞ்சும். அந்த இழப்பும் சாதாரணமானதன்று. மனிதனின் வியர்வையைவிடக் குதிரையின் வியர்வையிலே உப்பு மிக அதிகம். நீரோடு உப்பும் சேர்ந்து வெளியேறிவிடுவதால், உடல் வற்றிய பின்பும் குதிரைக்குத் தாகம் சரியாகத் தோன்றுவதில்லை. தொட்டியருகே கொண்டுபோய் நிறுத்தினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனை அறியாதவன், நீர் வேண்டாம் போலும் என்று எண்ணி மீண்டும் ஏறி ஓட்டுவான். உடல் வெப்பம் 41 பாகையைக் கடந்த பின்னர் அந்த ஓட்டம் அதன் இறுதி ஓட்டமாகவும் அமைந்துவிடலாம்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

கடல் வழியே குதிரை வந்த செய்தி தமிழுக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்திலே வந்திறங்கிய பொருள்களைப் பட்டியலிடும் பட்டினப்பாலை, கடலிலே வந்த குதிரைகளைத்தான் முதலிலே வைக்கிறது. நமது நாட்டு வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்திலே அனுராதபுரத்தைக் கைப்பற்றி 22 ஆண்டுகள் நீதியோடு ஆண்டவர்களாக மகாவம்சம் கூறும் சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரும், குதிரைகளைக் கப்பலேற்றி வந்த வணிகன் ஒருவனின் மைந்தர்கள் என்று அந்நூலே குறிப்பிடுகிறது. சோழர் காலக் கல்வெட்டுக்களிலே மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் இடம்பெறுகின்றனர். அரசனின் கருவூலம் எங்கே திறக்கிறதோ அங்கே குதிரை வணிகன் நின்றான் எனலாம்.

பக்தி மரபிலே இந்த வணிகத்தின் நிழல் இன்னும் ஆழமாக விழுந்திருக்கிறது. பாண்டியனின் அமைச்சராகிய வாதவூரர், அரசன் கொடுத்த பொன்னோடு குதிரை வாங்கப் புறப்பட்டுத் திருப்பெருந்துறையிலே ஆட்கொள்ளப்பட்ட கதையை அறியாதார் நம்மிடையே இலர். ஆவணி மூலத்திலே குதிரைகள் வரும் என்று அரசனுக்குச் சொல்லப்படுகிறது. அந்நாளில் இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவருகிறான். இரவிலே அவை மீண்டும் நரிகளாகி, பந்தியிலே முன்பு நின்ற குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடுகின்றன. அடியார்க்கு இது இறைவனின் திருவிளையாடல். அந்த உண்மைக்கு நாம் ஊறு செய்ய வேண்டியதில்லை. ஆயினும் வரலாற்று மாணவன் இரண்டு செய்திகளை இதிலே குறித்துக்கொள்வான். ஒன்று, ஆவணி என்னும் காலம். தென்மேற்குப் பருவக்காற்றின் சீற்றம் தணிந்து, அரபுக் கரைக் கப்பல்கள் இந்தியத் துறைகளை நோக்கிப் பாயெடுத்த பருவத்தோடு அது பொருந்துகிறது. மற்றொன்று, பெரும்பொன் கொடுத்துப் பெற்ற குதிரை ஓரிரவிலே இல்லாமற் போவது. பந்தி வெறுமையாகிக் கிடக்கும் காட்சி பாண்டி நாட்டவருக்குப் பழக்கப்படாத ஒன்றாக இருந்திராது என்றே தோன்றுகிறது.

13ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு வந்தால் இதே பாண்டி நாட்டைப் பற்றி அயலார் இருவர் எழுதிவைத்த சாட்சியங்கள் கிடைக்கின்றன. ஒருவர் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ. மற்றவர் பாரசீக வரலாற்றாசிரியர் வாசாஃப்.

போலோ கூறுவது இது. மாபார் எனப்படும் அந்நாட்டு அரசன் ஆண்டொன்றுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறான். அவனுடைய சகோதரர் நால்வரும் அவ்வாறே வாங்குகின்றனர். ஒவ்வொரு குதிரைக்கும் 100 மார்க் வெள்ளிக்கு மேற்பட்ட பொன் கொடுக்கப்படுகிறது. ஹோர்முஸ், கீஷ், டோபார், ஏடன் முதலான துறைகளிலிருந்து அவை வருகின்றன. ஆண்டு முடிவிலே 100 குதிரைகள்கூட எஞ்சுவதில்லை. தாமிரபரணியின் முகத்துவாரத்திலிருந்த காயல் துறையிலே இக்குதிரைக் கப்பல்கள் வந்து நின்றதையும் அவர் சொல்கிறார். அங்கே குதிரைக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் கொடுக்கிறார்கள் என்றும், உயர்ந்த சாதிக் குதிரையும் பெட்டையும் சேர்ந்தாலும் கால் கோணிய, ஏறுதற்கு உதவாத சிறு குட்டியே பிறக்கிறது என்றும் எழுதுகிறார். எல்லாவற்றிலும் கூர்மையான செய்தி ஒன்று உண்டு. குதிரைக்கு லாடமடித்து மருத்துவமும் பார்க்கத் தெரிந்தவர்கள் அந்நாட்டில் இல்லை. குதிரை வணிகர்கள் அத்தகையோரைத் தம்மோடு கூட்டிவருவதுமில்லை, பிறர் போவதற்கு விடுவதுமில்லை. குதிரை இறந்தால்தானே அடுத்த குதிரை விற்கும்!

வாசாஃப் தரும் கணக்கு வணிகத்தின் உட்புறத்தைக் காட்டுகிறது. கீஷ் தீவின் அதிபதியாகிய ஜமாலுத்தீன், தம் சொந்தப் பந்தியிலிருந்து ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டியனுக்கு அனுப்ப உடன்படிக்கை செய்திருந்தார். ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார். வழியிலே கடலில் இறந்த குதிரைக்கும் விலை கொடுக்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. முற்காலத்திலே மாபார், காம்பே முதலிய இடங்களுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள் சென்றன என்றும், அவற்றின் விலை 22 இலட்சம் தினார் என்றும் அவர் கூறுகிறார். கோயில்களின் மிகுதி வருவாயும் இதற்குச் செலவானதாம். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் பாண்டியனின் துறைகளிலே செல்வாக்குள்ள பதவியில் இருந்தார். ஆகவே, விற்பவரின் உறவினரே வாங்கும் நாட்டின் துறைவாயிலில் நின்றார் என்பது நோக்கற்பாலது.

குதிரைகள் எவ்வாறு பேணப்பட்டன? வாசாஃப் சொல்கிறார்: வறுத்த தானியத்தை வெண்ணெயிலே கலந்து கொடுப்பார்கள், காய்ச்சிய பசுப்பாலைக் குடிக்கக் கொடுப்பார்கள், கயிறும் முளையும் கொண்டு 40 நாட்கள் பந்தியிலேயே கட்டிவைத்துக் கொழுக்கச் செய்வார்கள், பின்னர் எவ்விதப் பயிற்சியுமின்றி, ஏறி மிதிக்கும் அங்கவடியுமின்றி, வீரர்கள் பேய்போல் ஏறி ஓட்டுவார்கள். மிகச் சிறந்த குதிரையும் சில காலத்துக்குள் தளர்ந்து, மந்தமாகி, ஒன்றுக்கும் உதவாததாகிவிடும். ஆகவே ஆண்டுதோறும் புதிய குதிரை தேவையாகிறது.

இச்சாட்சியங்களை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டுமா? அவ்வாறன்று. போலோ அந்நாட்டிலே நெல்லைத் தவிர வேறு தானியம் விளைவதில்லை என்கிறார். தமிழ்நாட்டுப் புன்செய்களிலே கொள்ளு விளைந்தது. குதிரைக்குக் கொள்ளு என்பது நமது பழமொழிவரை ஊறிய செய்தி. கொள்ளென்றால் வாயைத் திறப்பதும் கடிவாளமென்றால் வாயை மூடுவதுமான குதிரையை நம்மவர் அறிந்தே பேசினர். அயலார் கேட்டறிந்த எண்களிலே மிகையும் கலந்திருக்கலாம். ஆயினும் வெவ்வேறு நாட்டவர், வெவ்வேறு மொழியினர், ஒருவரையொருவர் பார்த்து எழுதாதவர் இருவரும், வந்த குதிரை நிலைக்கவில்லை என்ற ஒரு செய்தியிலே ஒன்றுபடுகின்றனர். அந்த ஒற்றுமையைத் தட்டிக்கழிக்க இயலாது.

அறியாமையே காரணம் என்பது அவ்விருவரின் தீர்ப்பு. அறியாமை மட்டுமே காரணம் என்று சொல்வது நீதியாகாது. காற்றும் குற்றவாளியே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியிலே, பிரித்தானியாவிலிருந்து இந்தியா முதலிய வெப்ப நாடுகளுக்குப் பந்தயத்துக்கும் போலோ விளையாட்டுக்கும் கொண்டுவரப்பட்ட குதிரைகளிலே ஒரு நோய் காணப்பட்டது. புழுக்கமான நாட்டிலே சில காலம் அளவுக்கு மீறி வியர்த்த குதிரை, பின்னர் வியர்க்கும் ஆற்றலையே இழந்துவிடும். மேனி உலர்ந்து கிடக்க, மூச்சு மட்டும் வேகமாக இரைக்கும். உலர்மேனி நோய் என்று இதனைச் சொல்லலாம். தேர்ந்த மருத்துவரும் திறமையான பராமரிப்பும் பெற்ற குதிரைகளுக்கே இந்நிலை என்றால், பாரசீக மேட்டுநிலத்திலும் அரேபியாவின் உள்நாட்டு வறண்ட காற்றிலும் வளர்ந்து, பல நாட்கள் கப்பலிலே அடைபட்டு, காயற்கரையிலே இறங்கிய குதிரையின் நிலை என்னவாயிருக்கும்! உயிரினும் அரிய வியர்வையை இழந்து அது மெலிந்ததென்றால், அதனை எந்தப் பாகன்மீது பழி சுமத்துவது?

ஆனால், மறுபாதி உண்மை கையாளும் முறையிலே இருக்கிறது. இதற்கு அண்மைக்கால ஆய்வு ஒன்று வெளிச்சம் தருகிறது. 1996இல் அமெரிக்காவின் அற்லாண்டா நகரிலே ஒலிம்பிக் விளையாட்டுக்கள் நடைபெறவிருந்தபோது, அந்நகரின் கோடைப் புழுக்கத்திலே குதிரையேற்றப் போட்டிகளை நடத்தலாமா என்ற கேள்வி எழுந்தது. விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். ஓட்டத்தின் தூரம் குறைக்கப்பட்டது. இடையிலே கட்டாய ஓய்வு சேர்க்கப்பட்டது. நீர்த்திவலை தூவும் விசிறிகள் வைக்கப்பட்டன. சூடேறிய குதிரைமீது குளிர்ந்த நீரை ஊற்றினால் தசை இறுகிவிடும் என்ற பழைய அச்சம் தவறானது என்பதும் இக்காலத்திலேதான் தெளிவாயிற்று. ஊற்றவேண்டும், மேலும் மேலும் ஊற்றவேண்டும், அதுவே உயிர் காக்கும். 2021இல் ரோக்கியோவிலே நடந்தபோதும் போட்டிகளை உச்சி வெயிலிலிருந்து விலக்கிக் காலையிலும் இரவிலும் நடத்தினார்கள்.

இந்த ஆய்வுகளின் மற்றொரு முடிவுதான் நமக்கு மிக முக்கியமானது. புழுக்க நாட்டுக்கு வந்த குதிரையை நாள்தோறும் அளவாக நடத்தி, அளவாக ஓட்டி, உப்பும் நீரும் கொடுத்துவந்தால், ஏறத்தாழ மூன்று வாரங்களிலே அதன் உடல் புதிய காற்றுக்குப் பெரிதும் இசைந்துவிடும். முழுமையாக அல்ல, ஆனால் உயிர் பிழைக்கும் அளவுக்கு. இப்பொழுது வாசாஃப் சொன்ன அந்த 40 நாட்களை எண்ணிப் பாருங்கள். குதிரை பழகுவதற்குத் தேவையான காலம் முழுவதும், அதற்கு இருமடங்காகவே, பாண்டியனின் பந்தியிலே கிடைத்திருந்தது. அந்த நாட்களிலேதான் அதனை முளையிலே கட்டி, வெண்ணெய் ஊட்டிக் கொழுக்க வைத்தார்கள். கொழுப்பு ஏறிய உடல் வெப்பத்தை இன்னும் அதிகமாக அடக்கிவைக்கும். பின்பு ஒருநாள் அவிழ்த்துவிட்டு ஒரேயடியாக ஓட்டினார்கள். அன்பினாலேயே கொன்றார்கள் என்றுகூடச் சொல்லலாம். விருந்தினனுக்கு நெய்யும் பாலும் கொடுத்து உபசரிக்கும் பண்பு, குதிரைக்கு நஞ்சாக முடிந்தது. அவர்களிடம் பொன் இருந்தது, பரிவு இருந்தது, காலமும் இருந்தது. இல்லாதது ஒன்றே. இப்படிச் செய் என்று காட்டித்தரும் ஒரு தேர்ந்த கை. வணிகன் கரையிலே இறங்கவிடாது தடுத்ததும் அந்தக் கையைத்தான்.

இந்தக் கதை பாண்டியரோடு முடியவில்லை. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே விஜயநகரத்தை ஆண்ட சாளுவ நரசிம்மன், குதிரை உயிரோடு வந்தாலும் இறந்தாலும் மூன்றுக்கு ஆயிரம் பர்தாவோ என்று விலை பேசினான் எனப் போர்த்துக்கேயரான நூனிஸ் எழுதுகிறார். கடலிலே இறந்த குதிரையின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால், உயிருள்ள குதிரைக்குரிய விலை கிடைத்ததாம். கிருஷ்ணதேவராயர் ஆண்டுதோறும் 13,000 குதிரைகள் வாங்கினார் என்றும் அவர் சொல்கிறார். யானையும் குதிரையும் கொண்டுவரும் தூர நாட்டு வணிகரை ஆதரித்து அணைத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் அவை பகைவனைச் சேரும் என்று அம்மன்னரே தமது ஆமுக்தமால்யதா என்னும் தெலுங்குக் காவியத்திலே அரசியல் அறிவுரை கூறுகிறார். 1510இல் கோவாவைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் இந்தத் தேவையை நன்கு புரிந்துகொண்டு, குதிரை வணிகத்தைத் தம் பிடிக்குள்ளே வைத்து அரசர்களை ஆட்டிவைத்தனர். வணிகனை அணைப்பது ஒரு தந்திரம். ஆனால் வணிகன் வேண்டாத நிலையை உண்டாக்குவது அல்லவா மேலான தந்திரம்?

அது இயலாத காரியமா? இதற்குப் பதில் சொல்ல நமது கடலிலேயே ஒரு தீவு இருக்கிறது. நெடுந்தீவுக் குதிரைகளை அறியாதவர் வட இலங்கையில் இல்லை. போர்த்துக்கேயர் காலத்தோடு தொடங்கி, ஒல்லாந்தர் காலத்திலே அங்கே குதிரை வளர்ப்பு ஒழுங்காக நடத்தப்பட்டது. 1697இல் யாழ்ப்பாணத்தின் ஒல்லாந்தத் தளபதியாக இருந்த சுவார்டெக்றூன் எழுதிவைத்த அறிவுறுத்தல்களிலே இத்தீவுகளின் குதிரை வளர்ப்பும் பேசப்படுகிறது. குதிரை லாயத்தின் கற்றூண்கள் அங்கே இன்றும் நிற்கின்றன. ஆட்சிகள் மாறின. லாயம் இடிந்தது. குதிரைகள் கட்டவிழ்ந்து காட்டுக் குதிரைகளாகிப் புல்வெளியிலே தலைமுறை தலைமுறையாகப் பெருகின. காயலுக்கும் நெடுந்தீவுக்கும் இடையே காற்றிலே பெரிய வேறுபாடு இல்லை. அதே கடல், அதே உப்பு, அதே புழுக்கம். எனினும் இங்கே குதிரை நிலைத்தது.

எப்படி நிலைத்தது? நெடுந்தீவுக் குதிரையைப் பார்த்தவர்கள் அதன் உருவத்தை நினைத்துக்கொள்ளட்டும். அது சிறியது, மட்டக்குதிரை என்று சொல்லத்தக்கது. சிறிய உடலுக்கு, அதன் நிறையை நோக்க, தோற்பரப்பு அதிகம். அது எளிதிலே வெப்பத்தை வெளிவிடும். குறைந்த புல்லிலும் குறைந்த நீரிலும் அது காலந்தள்ளும். பாண்டி நாட்டிலே சிறு குட்டிதான் பிறக்கிறது என்று மார்க்கோ போலோ ஏளனம் செய்தார் அல்லவா? கோணற் கால் தீவனக் குறையால் வந்திருக்கலாம். ஆனால் அந்தச் சிறுமை இந்த மண் கேட்ட அளவாகவும் இருந்திருக்கக்கூடும் என்பது எமது எண்ணம். மன்னர்கள் விரும்பியது உயர்ந்து நிமிர்ந்த குதிரையை. கோபுரத் தூண்களிலே சிற்பி செதுக்கியதைப் போன்ற குதிரையை. மண் கொடுக்கக்கூடிய குதிரையைத் தாழ்வென்று ஒதுக்கினார்கள். மண் தாங்காத குதிரைக்குப் பொன்னைக் கொட்டினார்கள்.

முடிவு என்ன ஆயிற்று? 1311இல் மாலிக் கபூரின் தில்லிப்படை பாண்டி நாட்டிலே புகுந்தது. அப்படையெடுப்பிலே 512 யானைகளோடு 5,000 குதிரைகளும் கைப்பற்றப்பட்டன என்று அமீர் குஸ்ரு கணக்குத் தருகிறார். பாண்டியனின் வீழ்ச்சிக்கு உடன்பிறந்தார் பகையே முதற்காரணம். குதிரையை அதற்குப் பொறுப்பாக்குவது முறையன்று. ஆயினும் பல ஆண்டுகள் கருவூலத்தை வெறுமையாக்கி வாங்கிய குதிரைகளிலே எஞ்சியவையும் பகைவனின் கொள்ளைப் பட்டியலிலே ஓர் எண்ணாக முடிந்தன என்பதை நினைக்காதிருக்க முடியவில்லை.

பொருளை விற்பவன் அறிவையும் சேர்த்து விற்பதில்லை. குதிரையை விற்றவன் குதிரைக்காரனின் அறிவைத் தன் கப்பலிலேயே பூட்டிவைத்தான். வாங்கியவரும் அதைக் கேட்டுப் பெற முனையவில்லை. ஒரு லாடக்காரனுக்கும் ஒரு குதிரை மருத்துவனுக்கும் கொடுத்திருக்கக்கூடிய கூலி, ஒரே ஒரு குதிரையின் விலையைக்கூட எட்டியிராது. இயந்திரங்களையும் மருந்துகளையும் விதைகளையும் கப்பலிலே வரவழைத்து, பழுதானால் மீண்டும் வரவழைக்கின்ற நமக்கும் அந்த வணிகனைத் தெரியாமலா போகும்?

நெடுந்தீவிலே வரட்சி மிகும் ஆண்டுகளில் குதிரைகள் நீரின்றி மடிகின்ற செய்தி பத்திரிகைகளிலே வருவதுண்டு. புழுக்கத்தை வென்ற அந்த உயிர்களுக்குத் தேவைப்படுவது நெய்யுமல்ல, வெண்ணெயுமல்ல. கோடையிலே வற்றாத ஒரு கேணியும், அதைத் தூர்ந்துபோகாமல் காக்கும் சில கைகளுமே.